வண்டி சொன்னதை வெளியே சொல்லாதவர்

அவர் எந்த வண்டியின் பானெட்டையும் திறந்து நான் பார்த்ததில்லை. கியர்பாக்ஸ் வேலை செய்பவர் என்று கேள்விப்பட்டுப் போகிறவர்களுக்கு முதல் ஏமாற்றம் அதுதான். கையில் ஸ்பானர் இருக்காது. உடையில் ஆயில் கறை இருக்காது. சுடிதாருக்கு மேல் சாம்பல் நிறத்தில் ஒரு முழுக்கைச் சட்டை, மடியில் லேப்டாப். ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு ஒயரைச் செருகிவிட்டு, "எப்பவும் ஓட்டுற மாதிரியே ஓட்டுங்க சார்" என்பார். பிறகு கண்ணை மூடிக்கொள்வார். கியர் மாறும் ஒவ்வொரு தடவையும் அவருடைய வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் லேசாக அசையும்.

தஞ்சாவூரில் மெடிக்கல் காலேஜ் சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெருவொன்றில் இரண்டு கார் நிற்கும் அளவுக்கு ஒரு ஷெட். அதுதான் அவர் இடம். சென்னைப் பக்கம் ஒரு கார் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் கியர்பாக்ஸ் சோதனைப் பிரிவில் இருந்தவர். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, அவர் ஊரை விட்டு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் மகள் வேலையை விட்டுத் திரும்பி வந்துவிட்டார். ஒரத்தநாட்டுப் பக்கம் ஏதோ கிராமம் என்று மட்டும் எனக்குத் தெரியும். மேற்கொண்டு நான் கேட்கவில்லை.

என்ன வேலை செய்கிறார் என்று என் மனைவி கேட்டபோது இப்படி விளக்கினேன்: ஆட்டோமேட்டிக் வண்டியில் கியரை நாம் மாற்றுவதில்லை, உள்ளே இருக்கும் சின்னக் கம்ப்யூட்டர் மாற்றுகிறது. எந்த வேகத்தில் மாற்றுவது, எவ்வளவு அழுத்தமாக மாற்றுவது, மாறுகிற நொடியில் இன்ஜின் எவ்வளவு அடங்கிப் போவது என்றெல்லாம் அதற்குள் ஆயிரக்கணக்கில் எண்கள் எழுதியிருக்கும். அந்த எண்களைத் திருத்துகிறவர்.

எட்டு வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டு, பேராவூரணியில் எங்கள் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்ள வந்தவன் நான். வந்த கையோடு பெங்களூரில் போய் ஒரு பழைய வேகக் கார் வாங்கினேன். டர்போ இன்ஜின், ஆறு கியர், ஆட்டோமேட்டிக். தோப்புக்கும் உரக்கடைக்கும் போக அப்படியொரு வண்டி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. வெளிநாடு போய் வந்தவன் அப்படித்தான் இருப்பான் என்று விட்டுவிட்டார்கள். அந்த வண்டி கியர் மாற்றும்போது ஒரு தயக்கம் இருந்தது. அதைப் போக்கத்தான் அவரிடம் போனேன்.

அவர் கேட்ட முதல் கேள்வி வண்டியைப் பற்றியது அல்ல. "இதுல யாரெல்லாம் வருவாங்க?" என்று கேட்டார். நானும் மனைவியும், சில நேரம் மாமனாரும் என்றேன். மாமனாருக்கு என்ன வயது, முதுகுவலி உண்டா என்று விசாரித்தார். கடைசியில் இரண்டு விதமாக அமைத்துக் கொடுத்தார். சாதாரணமாக ஓட்டினால் கியர் மாறுவதே தெரியாது. நெம்புகோலை ஸ்போர்ட் பக்கம் தள்ளினால் முதுகை இருக்கையோடு அழுத்தும். "அவங்க இருக்கும்போது இந்தப் பக்கம் வேணாம்" என்று மட்டும் சொன்னார்.

அவரிடம் வண்டியைக் கொடுப்பது டாக்டரிடம் உடம்பைக் காட்டுவது போலத்தான். லேப்டாப்பைச் செருகியதும் வண்டி எல்லாவற்றையும் கக்கிவிடும். எத்தனை தடவை ஆக்சிலேட்டரை மிதித்தோம், எந்த வேகம் வரை போனோம், சூடேறியும் நிறுத்தாமல் எவ்வளவு தூரம் ஓட்டினோம், எல்லாம். அதை அவர் வண்டிக்காரரைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல மாட்டார். ஒருவருடைய வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் ஷெட்டுக்குள் வந்தால் லேப்டாப்பின் மூடியைப் பாதி சாய்த்துவிடுவார். கூட ஓட்டும் நண்பர்கள் யாருடைய வண்டி என்ன வேகம் போயிருக்கிறது என்று துருவிக் கேட்பார்கள். அவர் சிரிப்பதோடு சரி.

ஒரு நாள் நான் ஷெட்டில் காத்திருந்தபோது ரைஸ்மில் முதலாளி ஒருவர் வந்தார். மகனின் வண்டி ஷெட்டில் வேலைக்கு நின்றுகொண்டிருந்தது. மகன் எவ்வளவு வேகம் போகிறான் என்று அப்பாவுக்குத் தெரிய வேண்டும். அவர் எழுந்து நின்று, "உங்க பையனையே கேளுங்க ஐயா" என்றார். வண்டிக்குப் பணம் போட்டவன் நான் என்று முதலாளி சத்தம் போட்டார். இவர் குரல் ஏறவில்லை. "வண்டி எங்கிட்ட சொன்னதை நான் இன்னொருத்தர்கிட்ட சொன்னா, நாளைக்கு யாரும் எங்கிட்ட உண்மையா ஓட்டிக் காட்ட மாட்டாங்க ஐயா" என்றார். முதலாளி அப்போதே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் நடந்ததை அந்த மகனே என்னிடம் சொன்னான். அவர் அவனை மட்டும் தனியாக வரச் சொல்லி, அவனுடைய வேகத்தை ஒரு படமாகப் போட்டுக் காட்டியிருக்கிறார். அறிவுரை எதுவும் சொல்லவில்லையாம். அரசுப் பள்ளி இருக்கும் இடத்தில் கோடு எவ்வளவு உயரத்தில் நின்றது என்று விரலால் தொட்டுக் காட்டினாராம். "அதுக்கு அவங்க ரெண்டு அறை விட்டிருக்கலாம்" என்றான்.

இன்னொரு நாள், நல்ல மழையில், பேராவூரணியில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். லேப்டாப் பையைப் பாலிதீன் கவரில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. நான் எதுவும் புகார் சொல்லியிருக்கவில்லை. வண்டி அருமையாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"காலையில ஆயில் சூடாகுறதுக்கு முன்னாடி ஓடுற நேரத்துக்கு ஒரு எண்ணைக் குறைச்சுப் போட்டுட்டேன் சார். நேத்துதான் பார்த்தேன். தப்பு என்னோடது" என்றார்.

போனில் சொல்லியிருந்தால் நானே வந்திருப்பேனே என்றேன். வருகிற வழியில் மறுபடியும் அந்த எண்ணோடுதான் ஓட்டுவீர்கள் என்றார். பத்து நிமிட வேலை. என் மனைவி தலை துவட்டத் துண்டு கொடுத்து, இளநீர் வெட்டிக் கொடுத்தாள். குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார். தன் தப்பைச் சொல்ல எழுபது கிலோமீட்டர் மழையில் வந்த ஆளை அவள் முன்னே பார்த்ததில்லை என்று அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் ஆமாம் என்றேன்.

அதே மனுஷியிடம்தான் ஆறு மாதம் கழித்து அந்தக் கேள்வியைக் கேட்டேன். எங்களைப் போல வேக வண்டி வைத்திருக்கும் பதினைந்து இருபது பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தோம், அவரையும் அதில் சேர்த்திருந்தோம். ஞாயிறு காலைகளில் முத்துப்பேட்டை தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டுவோம். அதில் ஒருவன் வண்டி என்னுடையதை முந்த ஆரம்பித்தது. கியர் மாறும் நொடியில் இன்ஜின் அடங்குகிறதே, அந்த அடக்கத்தையே எடுத்துவிட்டால் இன்னும் வேகம் கிடைக்குமாம். அதைச் செய்துதர முடியுமா என்றேன்.

"முடியும். ஆனா செய்ய மாட்டேன்" என்றார். அந்த ஒரு நொடி இன்ஜின் விட்டுக்கொடுப்பதால்தான் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச்சுகள் தேயாமல் பிடிக்கின்றன. அதை எடுத்துவிட்டால் கொஞ்ச நாள் பறக்கும், அப்புறம் ஒரு நாள் கிளட்ச் எரிந்து, மிதிக்க மிதிக்க வண்டி நகராமல் நின்றுவிடும். எந்த நாள் என்று யாராலும் சொல்ல முடியாது. இதையெல்லாம் பொறுமையாக, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

குழுவில் ஒருவன், அந்த அடக்கம் இல்லாமல் எழுதிய எண்களின் ஃபைல் ஒன்றை எங்கிருந்தோ வாங்கி எனக்குத் தனியாக அனுப்பினான். ஆன்லைனில் மலிவாக ஒரு ஒயர் வாங்கினேன். தோப்பில் காரை நிறுத்தி, ஒரு மதியம் நானே அவருடைய ஃபைலை அழித்துவிட்டு அதை ஏற்றினேன். இரண்டு வாரம் வண்டி பறந்தது. அந்த ஞாயிறுகளில் நான்தான் முதல்.

தை மாதம். தஞ்சாவூரில் ஒரு நிச்சயதார்த்தம் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் மாமனார், பின்னால் மனைவி. சம்பா அறுவடை நேரம். நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று பட்டுக்கோட்டைச் சாலையில் முன்னால் ஊர்ந்தது. எதிரே பஸ் தூரத்தில்தான் வந்தது. முந்தலாம் என்று மிதித்தேன். இன்ஜின் அலறியது. வண்டி போகவில்லை. இன்னும் மிதித்தேன், இன்னும் அலறியது. டிராக்டருக்குப் பக்கத்திலேயே, எதிர்ப்பக்கச் சாலையில், பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு மிதந்தோம். வலப்பக்கம் திருப்பிச் சாலையை விட்டு இறக்கினேன். வாய்க்கால் மதகுச் சுவரில் மோதி நின்றது. மாமனாருக்குத் தோளோரத்தில் காறை எலும்பு முறிந்தது. மனைவிக்கு நெற்றியில் மூன்று தையல். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி மாமனார் கேட்டார்: "வண்டி வேலை யாருகிட்ட பார்த்தீங்க மாப்பிள்ளை?"

"மெடிக்கல் காலேஜ் ரோட்ல ஒரு பொண்ணுகிட்ட மாமா" என்றேன்.

அது பொய் இல்லை. அந்த வாக்கியத்தை நான் அங்கேயே நிறுத்திக்கொண்டேன், அவ்வளவுதான். மிச்சத்தைச் சுற்றி நின்றவர்கள் முடித்தார்கள். எந்த ஊர்ப் பெண் என்று விசாரித்தார்கள். ஒரத்தநாட்டுப் பக்கம் என்றதும், அந்தப் பக்கத்துக்காரரான மாமனாரின் தம்பிக்குத் தெரிந்துவிட்டது. "அவங்க ஆத்தா நம்ம வயல்ல நடவு நட்டவ. அப்பன் நமக்கு ஏர் ஓட்டுனவன்" என்றார். அதற்கப்புறம் அந்த அறையில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. நான் அதைப் பார்த்தேன். அது எனக்கு எவ்வளவு வசதியாக இருக்கிறது என்பதையும் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் மனைவி மட்டும் நெற்றிக் கட்டோடு என்னிடம் கேட்டாள். தோப்பில் ஒரு மதியம் காருக்குள் லேப்டாப் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களே, அது என்ன என்று. அது வேறு என்றேன். அவள் மேலே கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து, வண்டியை லாரியில் ஏற்றி அவருடைய ஷெட்டுக்குக் கொண்டுபோனோம். மாமனார் கையைத் தொங்கலில் போட்டுக்கொண்டு வந்தார். அவர் தம்பி, மைத்துனர்கள் இரண்டு பேர், உறவில் ஒரு வக்கீல், குழுவிலிருந்து இரண்டு நண்பர்கள். இத்தனை பேர் எதற்கு என்று நான் தடுத்திருக்கலாம்.

அவர் மாமனாருக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். வலி குறைந்திருக்கிறதா என்று விசாரித்தார். பிறகு பக்கத்து இருக்கையில் ஏறி ஒயரைச் செருகினார். கம்ப்யூட்டரில் கடைசியாக எப்போது எழுதப்பட்டது, எந்தக் கருவியால் எழுதப்பட்டது என்று எல்லாம் பதிவாகியிருக்கும். அது எனக்குத் தெரியும். திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. காத்திருக்கிற பார்வை அது. பிறகு லேப்டாப்பின் மூடியைச் சாய்த்தார்.

"கியர்பாக்ஸ்ல கிளட்ச் எரிஞ்சிருக்கு" என்றார்.

"யாரு செஞ்ச வேலையில?" என்று வக்கீல் கேட்டார்.

"அதை வண்டிக்காரர்தான் சொல்லணும். நான் சொல்றதுக்கில்ல." என்னிடம் திரும்பினார். "சார், நீங்க சொல்றீங்களா?"

திரையை ஒரு முறை எங்கள் பக்கம் திருப்பியிருந்தால் போதும், அவர் தப்பித்திருப்பார். திருப்ப மாட்டார் என்று எனக்குத் தெரியும். ரைஸ்மில் முதலாளியிடம் அவர் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தவன் நான். அந்தத் தைரியத்தில்தான் அங்கே நின்றேன்.

"என்ன சொல்றது? ஆனது ஆயிடுச்சு. விடுங்க மாமா, போலாம்" என்றேன்.

அந்தக் கணத்தில் எல்லோர் கண்ணிலும் நான் பெருந்தன்மைக்காரன் ஆகிவிட்டேன். வக்கீல் கேஸ் போடலாம் என்றார். வேண்டாம், பிழைக்க வந்த பெண் என்று தடுத்தேன். அதையும் நான்தான் சொன்னேன். மாமனாரின் தம்பி கிளம்பும்போது அவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன். அவர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே குழுவில் செய்தி போய்விட்டது. நண்பன் எழுதியதில் அவருடைய ஷெட்டின் படமும் இருந்தது. நான் அதைப் படித்தேன். மறுக்கவில்லை, ஆமோதிக்கவும் இல்லை. யாரோ அவரைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். ஒரு மாதத்தில் ஷெட்டில் வண்டி நிற்பது குறைந்தது. ஆனிக்குள் மூடிவிட்டார்.

மூடுவதற்கு முன் எனக்கு ஒரு மெயில் அனுப்பினார். என் வண்டியின் கம்பெனி ஃபைலை முதல் நாளே நகல் எடுத்து வைத்திருந்தாராம், அதை இணைத்திருந்தார். "புது கியர்பாக்ஸ் மாட்டினால் இதையே ஏற்றச் சொல்லுங்கள். இப்போது உள்ளே இருப்பதை அழித்துவிடுங்கள், மறுபடியும் ஆபத்து" என்று இரண்டே வரி. நான் பதில் போடவில்லை. வண்டியைப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டேன்.

மூன்று வருடம் போயிற்று. என்னைத் திருத்தியது மனசாட்சி என்று சொல்ல ஆசைதான். உண்மையில் நடந்தது, மனைவி ஒரு நாள் பழைய போனில் படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தவள், அந்த மழை நாளில் தலை துவட்டிக்கொண்டு இளநீரோடு அவர் சிரிக்கும் படத்தில் நின்றாள். "இவங்களை நாம ரொம்பப் பேசிட்டோம்ல?" என்றாள். நாம் என்று அவள் சேர்த்துச் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், அவர் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடியுங்கள் என்றாள்.

ஓசூரில் லாரி கியர்பாக்ஸ் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருந்தார். ஷிப்ட் முடிகிற நேரம் பார்த்து, எதிரே இருந்த டீக்கடையில் நின்றேன். அதே சாம்பல் சட்டை. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "மாமாவுக்குத் தோள் சரியாயிடுச்சா?" என்பதுதான் முதல் கேள்வி.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். மன்னித்துவிடுங்கள் என்றேன். டீயைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டார்.

"எங்கிட்ட சொல்றதுக்கு என்ன சார் இருக்கு? எனக்குத்தான் அன்னிக்கே தெரியுமே" என்றார். "தெரியாதவங்க ஏழு பேரு அங்க நின்னாங்க."

அவர்களிடம் சொல்கிறேன் என்றேன். சரி என்பது போலத் தலையசைத்தார். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். இறந்து ஒரு வருடம் ஆகிறது, ஓசூர்க் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். ஊருக்குக் கொண்டுபோனீர்களா என்று கேட்டேன். "இல்ல சார். இங்கயேதான்." கம்பெனி பஸ் வந்தது. ஏறிவிட்டார்.

குழுவில் எழுதுவது சுலபமாக இருந்தது. நடந்தது முழுவதையும் எழுதி அனுப்பினேன். கட்டைவிரல்கள் சில உயர்ந்தன. கால் மணி நேரத்தில் அதற்குக் கீழே ஒருவன் டயர் விலை கேட்டிருந்தான். வக்கீல் சிரித்தார், கேஸ் போடாமல் விட்டது நல்லதாகப் போயிற்று என்றார். மைத்துனர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மாமனாரின் தம்பி, இதையெல்லாம் இப்போது எதற்குக் கிளறுகிறீர்கள் என்று எழுந்து போனார்.

மாமனாரிடம் கடைசியில் போனேன். களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. வேப்பமரத்தடியில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் சொல்லத் தொடங்கிப் பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் மாப்பிள்ளை. அந்தப் பிள்ளை உங்க மூஞ்சியப் பார்த்துச்சு. நீங்க தரையப் பார்த்தீங்க."

அப்புறம் ஏன் மாமா ஒன்றும் கேட்கவில்லை என்றேன்.

"அத்தனை பேரு முன்னால எம் மாப்பிள்ளையை விட்டுக்கொடுக்க முடியுமா? அது படிச்ச பிள்ளை, எங்கயாச்சும் பொழச்சுக்கும்னு நெனச்சேன்." கழுத்துக்குக் கீழே எலும்பு கூடின இடத்தைத் தடவிக்கொண்டார். "பொழச்சுக்கிச்சுல்ல?"

ஓசூரில் வேலையில் இருப்பதைச் சொன்னேன். அவருடைய அப்பா இறந்துபோனதையும், அங்கேயே அடக்கம் செய்துவிட்டதையும் சொன்னேன்.

மாமனார் நெல்லைக் கொத்த வந்த காக்கையைக் கை வீசி விரட்டினார். பிறகு, நிஜமாகவே வருத்தப்பட்ட குரலில், "நமக்கு ஏர் ஓட்டுனவன். ஒரு வார்த்தை சொல்லி விடலையே" என்றார்.